ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிக எளியது. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் உங்கள் வீட்டில் என்ன சமையல் என்பதுதான் அது. சமையலறைப் பேச்சுக்கு வானொலிக் கல்விப் பகுதியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சமூகம் எப்படி உழைத்தது, எப்போது ஓய்ந்தது, ஓய்ந்த நேரத்தில் யாரோடு உட்கார்ந்தது என்பதை அதன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே ஞாயிற்றுக்கிழமைக்கென்றே ஒரு சாப்பாடு உண்டு. மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சியைப் பெரிய துண்டாக அடுப்பில் வாட்டி எடுத்து, மெல்லியதாக அரிந்து, வாட்டிய உருளைக்கிழங்கு, வேகவைத்த காய்கறி, இறைச்சிச் சாற்றில் செய்த குழம்பு ஆகியவற்றோடு பரிமாறுவார்கள். காலையில் தேவாலயத்துக்குப் புறப்படும்போதே இறைச்சியை அடுப்பில் வைத்துவிடுவார்கள். வழிபாடு முடிந்து திரும்பும்போது அது பதமாக வெந்திருக்கும். வீட்டில் பெரிய அடுப்பு இல்லாத ஏழைகள் ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் கொடுத்து வாட்டி வாங்கிக்கொள்வதும் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது.

இந்தச் சாப்பாட்டில் யார்க்ஷயர் புட்டிங் என்று ஒரு பண்டம் உண்டு. பெயரைக் கேட்டு இனிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். மாவு, முட்டை, பால் மூன்றையும் கரைத்து, இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பில் வேகவைப்பது அது. ஹன்னா கிளாஸ் என்னும் பெண்மணி 1747-இல் வெளியிட்ட சமையல் நூலில் அதன் செய்முறை இருக்கிறது. இதைக் குழம்போடு முதலில் பரிமாறிவிடுவது பழைய வழக்கம். மாவுப் பண்டத்தால் பாதி வயிறு நிறைந்துவிட்டால், பின்னால் வரும் இறைச்சி கொஞ்சமாக இருந்தாலும் எல்லாருக்கும் போதும். பெரிய குடும்பத்தையும் சிறிய வருமானத்தையும் வைத்துக்கொண்டு காலந்தள்ளிய ஒரு தாயின் கணக்கு அதில் இருக்கிறது. இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே கணக்கை நம் வீட்டு அடுப்படியிலும் பார்க்கப் போகிறோம்.

இந்தச் சாப்பாட்டை இன்று பலர் வீட்டில் செய்வதில்லை. நகரத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிராமத்துக்குப் போகிறார்கள். அங்கே பப் என்னும் மதுக்கடையோடு சேர்ந்த உணவகத்தில் அதைச் சாப்பிடுகிறார்கள். பப் என்பது பொதுமக்களின் வீடு என்னும் பொருளுள்ள ஆங்கிலத் தொடரின் சுருக்கம். குளிர் காய அடுப்பு, தாழ்ந்த கூரை, பழைய மர மேசைகள், தாத்தாவும் பாட்டியும் பேரப் பிள்ளைகளும் சுற்றி அமரும் இடம். நண்பகலில் பரிமாறத் தொடங்குவார்கள். இறைச்சி தீர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். நல்ல கடையென்றால் முன்கூட்டியே இடம் சொல்லி வைக்க வேண்டும். எந்தக் கிராமத்தில் நன்றாகச் செய்கிறார்கள் என்று நகரத்தார் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது அங்கே அன்றாடப் பேச்சு.

நமக்கு அப்படி விசாரித்துப் போக ஓர் இடம் உண்டா? உண்டு. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் போகும் இடங்களில் ஒன்று பாசிர் பெனம்பாங். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் அங்கே போனோம். எங்களோடு எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரும் வந்தார். அந்த வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது மகன் வீட்டில், கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறார்.

சுங்கை பூலோ, ஈஜோக் வழியாகப் பழைய சாலையில் போனோம். 2011-இல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலையில் போனால் விரைவாகப் போய்விடலாம். ஆனால் பெரியவர் பழைய சாலைதான் வேண்டும் என்றார். வழியெல்லாம் அவர் கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். “இங்கே பால்மரம் இருந்தது. அதோ அந்த இடத்தில் கொட்டகை. அந்த மேட்டில் கிராணி வீடு.” நாங்கள் பார்த்தபோது பெரும்பாலும் செம்பனைதான் தெரிந்தது. சில இடங்களில் புதிய வீடமைப்புத் திட்டங்களின் ஓட்டுக் கூரைகள் தெரிந்தன.

செம்பனைக்கும் இந்த மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் 1917-இல் மலாயாவிலேயே முதன்முதலாக வணிக முறையில் செம்பனை பயிரிட்டது இதே கோலா சிலாங்கூர் மாவட்டத்தில்தான். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமராம். தென்னைமரம் என்ற நம் சொல்தான் அது. பின்னாளில் அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்தின் பெயரில் தமிழ் இருக்கிறது. அங்கே உழைத்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

புக்கிட் ரோத்தானைத் தாண்டி, கோலா சிலாங்கூர் பட்டணத்தின் புக்கிட் மெலாவாத்திக் குன்றை இடப்பக்கம் விட்டு, சிலாங்கூர் ஆற்றின் பாலத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்பினால் பாசிர் பெனம்பாங். பாசிர் என்றால் மலாய் மொழியில் மணல். பெனம்பாங் என்பது ஆளை அக்கரை சேர்க்கும் படகு. பெயரே இது ஒரு துறை என்று சொல்கிறது. ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும் சீன மீனவர் கிராமம் இது. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரக்கால்கள் மேல் வீடுகள் நிற்கும். வீட்டின் முன்வாசல் தெருவில், பின்வாசல் படகில். கருவாடு, உலர்ந்த இறால், மீன் அப்பளம் விற்கும் கடைகள் தெருவெங்கும் இருக்கும். ஆற்றங்கரையை ஒட்டி உணவகங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறோம். இங்கே மீனுக்கும் நண்டுக்கும் எடைக்கு விலை. தட்டுக்கு விலை என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், கணக்கு வரும்போது மனக்கசப்பு வரும். தொட்டியிலோ பனிக்கட்டியிலோ இருக்கும் மீனை நீங்களே போய்ப் பாருங்கள். கண் தெளிவாக, செவுள் சிவந்து இருக்க வேண்டும். நிறுக்கச் சொல்லி, விலையைக் கேட்டு, பிறகு எப்படிச் சமைப்பது என்று சொல்லுங்கள். இஞ்சியும் சோயாச் சாறும் சேர்த்து ஆவியில் வேகவைத்த சியாகாப் மீன் இந்தப் பக்கத்தில் எல்லாரும் கேட்பது. கிராங் என்னும் சிப்பியைச் சற்றே வெந்நீரில் காட்டித் தருவார்கள். அது நன்றாக வெந்திருக்க வேண்டும் என்று சொல்லி வாங்குவது உடம்புக்கு நல்லது. உள்ளூர்க் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள். அவர்கள் அடுத்த வாரமும் வருகிறவர்கள். அவர்களை ஏமாற்றிக் கடை நடத்த முடியாது.

நாங்கள் போன கடையில் எல்லா மேசையும் நிறைந்திருந்தது. வட்ட மேசையைச் சுற்றி மூன்று தலைமுறையாக உட்கார்ந்திருந்தார்கள். சீனக் குடும்பங்கள், நம்மவர் குடும்பங்கள் சில. ஒரு மேசையில் பேத்தி நண்டின் ஓட்டை உடைத்துப் பாட்டிக்குச் சதையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் படகுகள் நீரேற்றத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்தன. மீன் வந்தது, நண்டு வந்தது. பெரியவர் நன்றாகத்தான் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, வெகுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எங்க அம்மா ஞாயித்துக்கிழமை ஆக்குற கறி இந்த ஊருல எந்தக் கடையில கிடைக்கும்?”

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. “நீங்களே சொல்லுங்கள் ஐயா, அந்தச் சாப்பாடு எப்படி இருக்கும்?” என்று கேட்டோம். அவர் சொன்னதை உங்களுக்குச் சொல்கிறோம்.

தோட்டத்தில் மற்ற நாட்களில் விடியுமுன்பே எழுந்துவிட வேண்டும். பெரட்டுக்கு நிற்க வேண்டும். இருட்டோடு மரத்தடிக்குப் போய்ப் பால் வெட்டி, பிறகு பாலெடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். தாயும் தகப்பனும் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் ஆக்கி வைத்த சோற்றைப் பிள்ளைகள் தாங்களே போட்டுச் சாப்பிடுவார்கள். குடும்பம் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது என்பது வாரத்தில் ஒரே ஒரு நாள்தான்.

அந்த நாளில் லயத்துக்குப் பின்னால் ஆடு அடிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வீட்டார் முதலிலேயே பேசிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வாழையிலையையோ சாக்கையோ விரித்து, இறைச்சியைக் கூறு கூறாகப் பிரித்து வைப்பார்கள். எந்தக் கூறிலும் எலும்பும் சதையும் கொழுப்பும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அதில் பிசகினால் சண்டை வந்துவிடும். ஈரல் துண்டு சின்னப் பிள்ளைக்கு. தலையும் காலும் அடித்தவருக்கு. குடலைக் கழுவி எடுக்க ஒரு கிழவி இருப்பார், அவருக்கு அதில் பங்கு.

அம்மியில் மிளகாயும் மல்லியும் சீரகமும் அரைக்கும் ஓசை லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கேட்கும். கிடைக்கும் இறைச்சி ஒரு காட்டியோ ஒன்றரைக் காட்டியோதான். காட்டி என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 600 கிராம். வீட்டில் எட்டுப் பேர். எனவே அம்மா உருளைக்கிழங்கை நிறையப் போட்டுக் குழம்பை நீட்டுவாராம். எலும்பைத் தனியே எடுத்து மிளகு தட்டிப் போட்டு ரசம். கொல்லையில் முருங்கைக்கீரை. நல்ல சதையாக நாலு துண்டை மட்டும் எடுத்துச் சட்டியில் பிரட்டி, அப்பாவுக்கென்று மூடி வைப்பாராம்.

இங்கிலாந்துத் தாய் மாவுப் பண்டத்தைக் கொண்டு இறைச்சியை நீட்டினார். நம் தாய் உருளைக்கிழங்கைக் கொண்டு நீட்டினார். இருவர் கணக்கும் ஒன்றே. துன்பக் காலமும் இருவருக்கும் வந்தது. போரின்போது 1940-இல் பிரிட்டனில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தது. அது 1954-இல்தான் நீங்கியது. நம் தோட்டங்களிலோ 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. சோற்றுக்கே வழியில்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். எத்தனையோ தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வரவில்லை. அவர்கள் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே வெறும் இலைதான்.

இதில் வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்து தோட்டம் நடத்திய துரைமார் ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டார்கள்? வாட்டிய இறைச்சியா? பெரும்பாலும் இல்லை. மலாயாவில் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் துரைமார் கிளப்பிலும் பங்களாவிலும் கறியும் சோறும்தான் விருந்து. கறிக்குச் சுற்றிலும் பல கிண்ணங்களில் தேங்காய்த் துருவல், வாழைப்பழம், வெங்காயம், சம்பல் என்று வைத்திருப்பார்கள். முடிவில் ஜவ்வரிசியும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டிப் பாகும் சேர்ந்த குலா மலாக்கா. ஊரில் இருந்தவர்கள் இறைச்சியை வாட்டிக்கொண்டிருக்க, இங்கே வந்தவர்கள் நம் கறிக்கு மாறிவிட்டார்கள். ஆக மேட்டு பங்களாவிலும் கறி, கீழே லயத்திலும் கறி. இரண்டு அடுப்புக்கும் நடுவே தூரம்தான் அதிகம்.

பெரியவர் கதையின் அடுத்த பகுதியைச் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார். அப்பாவுக்கென்று மூடி வைத்த அந்த நாலு துண்டை அப்பா சூட்டோடு சாப்பிட்டதை அவர் அதிகம் பார்த்ததில்லையாம். ஞாயிற்றுக்கிழமை பகலில் அப்பா கள்ளுக்கடையில் இருப்பார். பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் போய்க் கூப்பிடுவார்கள். வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். “இதோ வரேன் போ” என்பார். பொழுது சாயும். அம்மா சாப்பிடாமல் காத்திருப்பார். “கறி இருந்திச்சு தம்பி, ஆளுதான் இல்லே” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நேயர்களே, இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். இங்கிலாந்துக் கிராமத்து மதுக்கடையும் நம் தோட்டத்துக் கள்ளுக்கடையும் ஒன்றுதானே, இரண்டிலும் குடிதானே என்று சொல்லிவிடலாம். ஆனால் வேறுபாடு உண்டு. பப்பில் அடுப்பு இருந்தது, சமையல் இருந்தது, மனைவி மக்களோடு உட்கார மேசை இருந்தது. அங்கும் குடியால் கெட்ட குடும்பங்கள் உண்டு. மதுவால் வந்த கேட்டை எதிர்த்து அங்கும் பெரிய இயக்கங்கள் நடந்தன. ஆயினும் வீட்டையும் கடையையும் ஒன்றுக்கொன்று பகையாக்காத ஒரு வழி அங்கே வளர்ந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடை அப்படியன்று. அரசாங்க உரிமத்தோடு தோட்ட நிர்வாகத்தின் எல்லைக்குள் நடந்தது அது. தொழிலாளிக்கென்றே வைத்த கடை. அங்கே குடும்பம் உட்கார இடமில்லை. தொழிலாளிக்குக் கொடுத்த கூலியில் ஒரு பங்கு அந்த வழியாகவே திரும்பிப் போனது. கள் விற்ற இலாபத்திலிருந்து தோட்டத்துப் பொதுக் காரியங்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டதும் உண்டு. யார் வீட்டுச் சட்டியிலிருந்து அந்தப் பணம் வந்தது என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

இதைத் தொழிலாளர்களே உணர்ந்து குரல் கொடுத்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். தந்தை பெரியார் 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தபோது குடியின் கேட்டைப் பற்றிப் பேசினார். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கியவர்களில் முதன்மையானவர். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்குச் சரியான பள்ளி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். அந்தக் கோரிக்கைகளோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படையை அழைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். எங்கள் கடையை மூடுங்கள் என்று தொழிலாளியே கேட்டதன் பொருள் என்ன? எங்கள் ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

காலம் மாறியது. 1955-இல் இயற்றப்பட்ட வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வைத் தொழிலாளியின் உரிமையாக்கியது. கள்ளுக்கடைகளும் பெரும்பாலும் மறைந்தன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நம் கைக்கு வந்து சேர்ந்த அந்த நேரத்தில், உட்கார்ந்து சாப்பிட்ட இடம் கையைவிட்டுப் போகத் தொடங்கியது. 1950-களில் பல பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது அதற்கு ரப்பரைப்போல அத்தனை கைகள் வேண்டியிருக்கவில்லை. பிறகு வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. லயம் இடிந்தது. ஆடு அடித்துக் கூறு போட்ட பத்து வீட்டாரும் பத்துத் திசைக்குப் போனார்கள். அடுக்குமாடியில் பத்தாவது மாடியில் இருப்பவர் யாரோடு பங்கு போடுவார்?

பாசிர் பெனம்பாங்கில் எங்கள் பெரியவர் கேட்ட கேள்வியின் முழுப் பொருளும் இதுதான். அந்த மீனவர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டையே ஊருக்கு வரும் விருந்தாளிக்கும் வைத்தார்கள். படகும் அவர்களுடையது, அடுப்பும் அவர்களுடையது, நிற்கும் இடமும் அவர்களுடையது. அதனால் ஊரை விட்டுப் போன பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து உட்கார ஒரு மேசை இருக்கிறது. நம்மவர் உழைத்த மண் நம்முடையதாக இருக்கவில்லை. குடியிருந்த லயமும் நம்முடையதன்று. வேலை போனால் வீடும் போயிற்று. வீட்டோடு அடுப்பும் போயிற்று.

இங்கிலாந்திலும் கிராமத்துப் பப்புகள் பல மூடப்பட்டு வருகின்றன. அவ்வாறு மூடும் நிலை வந்தபோது, வட இங்கிலாந்தில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிறிய கிராமத்தார் ஒரு காரியம் செய்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பங்குப் பணம் போட்டுக் கூட்டுறவு முறையில் தங்கள் ஊர்ப் பப்பை 2003-இல் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். இப்படிக் கூட்டுறவாக வாங்கப்பட்ட பப்புகளில் அந்நாட்டில் அதுவே முன்னோடி. அதைப் பின்பற்றி வேறு ஊரார்களும் செய்தார்கள். ஒரு மேசையைக் காப்பாற்ற ஒரு கிராமமே கூடியது.

நாம் என்ன செய்யலாம்? கள்ளுக்கடையை மீண்டும் திறக்கச் சொல்லவில்லை. லயத்து வாழ்க்கை பொன்னாக இருந்தது என்றும் சொல்லவில்லை. ஒண்டுக் குடித்தனமும் கடனும் கண்ணீரும் அங்கே இருந்தன. ஆனால் அந்தக் கண்ணீருக்கு நடுவில் நம் தாய்மார்கள் வாரத்துக்கு ஒருமுறை அடுப்பைச் சுற்றிக் கட்டிய குடும்பம் ஒன்று இருந்தது. அதைக் கைவிட வேண்டியதில்லை.

முதலாவதாக, உங்கள் வீட்டில் தோட்டத்துச் சமையல் அறிந்த ஒரு பாட்டி இருந்தால், அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். கடைப் பொட்டலத்து மசாலையில் அந்தச் சுவை இல்லை. எத்தனை மிளகாய்க்கு எவ்வளவு மல்லி, எப்போது கிழங்கு போடுவது, எலும்பை எவ்வளவு நேரம் வேகவிடுவது என்பதெல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. கை போனால் கணக்கும் போய்விடும்.

இரண்டாவதாக, வாரத்தில் ஒரு வேளையாவது நேரம் குறித்து உட்காருங்கள். இங்கிலாந்தில் அந்தச் சாப்பாடு நிலைத்ததற்கு இறைச்சி மட்டும் காரணமன்று. அதற்கொரு நாள் இருந்தது, ஒரு மணி இருந்தது. அந்த மணிக்கு வராவிட்டால் கிடையாது. நம் வீட்டில் ஒருவர் பன்னிரண்டு மணிக்கு, ஒருவர் மூன்று மணிக்கு, ஒருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு தனியே என்று சாப்பிட்டால், ஆட்டுக்கறி இருந்தும் அது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆகாது. கறி இருக்கிறது, ஆள் இல்லை என்ற பெரியவரின் சொல் நமக்கும் பொருந்திவிடும்.

மூன்றாவதாக, உணவுக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் நமக்கு நிறைய உண்டு. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும், கேட்டவுடன் கிடைக்காமல் அந்த நேரத்துக்கு மட்டும், எலும்பு ரசமும் கிழங்கு போட்ட கறியும் முருங்கைக்கீரையுமாகத் தோட்டத்துச் சாப்பாட்டை வைத்தால், ஈஜோக்கிலிருந்தும் ஜெராமிலிருந்தும் தஞ்சோங் காராங்கிலிருந்தும் நகரத்துக்குப் போனவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். தங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். நாலு குடும்பம் பங்கு போட்டாலும் போதும். கூறு போடத் தெரிந்த நமக்குப் பங்கு போடத் தெரியாதா?

அன்று மாலை கம்போங் குவாந்தானுக்குப் போய்ப் படகேறி மின்மினிகளைப் பார்த்தோம். ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் ஆயிரமாயிரமாய் மினுக்கின. பெரியவர் அதையும் அமைதியாகப் பார்த்தார். சிறுவயதில் இதைப் பார்க்க யாரும் காசு கொடுத்து வந்ததில்லை என்றார். திரும்பும் வழியில் காரில் அவர் பேத்திக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டு வந்தார்: “அடுத்த வாரம் ஆட்டுக்கறி ஒரு கிலோ வாங்கி வைம்மா. உருளைக்கிழங்கு ரெண்டு கிலோ. நான் சொல்றேன், நீ ஆக்கு. பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிடு. பன்னிரண்டரைக்கு எல்லாரும் உட்காரணும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்களும் போனோம். குழம்பில் கறியைவிடக் கிழங்குதான் அதிகம். எதிர் வீட்டு மலாய்க் குடும்பமும் வந்திருந்தது. பன்னிரண்டரைக்கு எல்லாரும் உட்கார்ந்தோம். பெரியவர் நாலு துண்டு பிரட்டல் கறியைத் தனியாக எடுத்துவைத்து, சமைத்த பேத்தியின் இலையில் தம் கையாலேயே போட்டார்.